அடியைப் பார்த்து வாங்க வேண்டிய அழகு: மாஸ்டா எம்எக்ஸ்-5 ரோட்ஸ்டர்

இரண்டே இருக்கைகள், நீண்ட முன்புறம், மடக்கிப் பின்னால் தள்ளிவிடக்கூடிய கூரை ஆகிய மூன்றும் சேர்ந்த சிறிய ஸ்போர்ட்ஸ் கார் ரோட்ஸ்டர் எனப்படுகிறது. செல்வர்களுக்கு மட்டுமே உரியது போலத் தோன்றும் இவ்வகைக் கார்களுள், பிரிட்டனின் பழைய கார் சந்தையில் மாதச் சம்பளக்காரரும் வாங்கக்கூடிய விலையில் எளிதாகக் கிடைப்பது, ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் ஹிரோஷிமாவில் தயாரிக்கும் எம்எக்ஸ்-5 ஆகும். அதன் குதிரைத்திறன், வேகம் எடுக்கும் நேரம், எரிபொருள் செலவு போன்ற விவரங்கள் எல்லாம் விற்பனைத் தாளிலேயே இருப்பதால் அவற்றை இங்கு அடுக்குவதில் பயனில்லை. இந்தக் காரை வாரக்கணக்கில் அன்றாடம் ஓட்டி, மழையில் நிறுத்தி, ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் படுத்துப் பார்ப்பவருக்கு ஓர் உண்மை மெல்லப் புலப்படும்: கூரையில் விழும் மழைநீர் எந்த வழியாக வெளியேறுகிறது என்ற ஒரே கேள்விதான், வாங்கலாமா வேண்டாமா என்பதை முடிவு செய்கிறது.

இந்தக் காரின் பிறப்பை அறிந்தால்தான் அதன் மீதுள்ள பற்றும், அதன் குறை மீது எழும் எரிச்சலும் விளங்கும். எடை குறைந்த, விலை மலிந்த திறந்த கார் என்பது முதலில் பிரிட்டிஷ் மரபு. லோட்டஸ் எலான், எம்ஜிபி, டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் போன்ற கார்கள் ஓட்டுவதற்கு இனியவை. ஆனால் எண்ணெய் ஒழுகுவதற்கும், மழை நாளில் மின்னிணைப்புகள் மக்கர் செய்வதற்கும் பேர்போனவை. எம்ஜிபியும் ஸ்பிட்ஃபயரும் 1980-ஆம் ஆண்டோடு நின்றுபோயின. அதே காலத்தில் பாப் ஹால் என்ற அமெரிக்க வாகன இதழாளர், அத்தகைய எளிய காரை மாஸ்டா செய்ய வேண்டும் என்று அந்நிறுவனத்தின் மூத்த பொறியாளர் கெனிச்சி யமமோட்டோவிடம் எடுத்துச் சொன்னார்; பின்னர் ஹால் மாஸ்டாவின் கலிஃபோர்னியா அலுவலகத்திலேயே பணியில் சேர்ந்தார். தோஷிஹிகோ ஹிராய் என்பவரின் தலைமையில் உருவான முதல் கார், 1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. பிரிட்டிஷ் காரின் இன்பத்தையும், காலையில் சாவியைத் திருப்பினால் தவறாமல் கிளம்பும் ஜப்பானிய நம்பகத்தையும் ஒன்றாகத் தந்ததால், 2016 ஏப்ரலில் அதன் பத்து லட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளிவந்தது. ஸ்வராஜ் மாஸ்டா என்ற பெயரில் ஓடிய சிறு லாரிகளாலும் வேன்களாலும் மட்டுமே மாஸ்டாவை அறிந்த தமிழ் வாசகருக்கு, அதே பெயர் இப்படி ஒரு காரிலும் இருப்பது சற்று வியப்பளிக்கக்கூடும்.

இதுவரை நான்கு தலைமுறைகள் வந்துள்ளன. நிறுவனத்தின் உட்குறியீடுகளை ஒட்டி அவற்றை என்ஏ, என்பி, என்சி, என்டி என்று சுட்டுவது வழக்கம். முகப்பு விளக்குகள் மேலெழும்பித் திறப்பது 1989-இல் வந்த என்ஏ. நிலையான விளக்குகளும் கண்ணாடிப் பின்சன்னலும் கொண்டது 1998-இல் வந்த என்பி. சற்றே பருத்து, எடை கூடியது 2005-இல் வந்த என்சி. மீண்டும் மெலிந்து, நான்கினுள்ளும் நீளம் குறைந்ததாக 2015-இல் விற்பனைக்கு வந்தது என்டி. பாதுகாப்பு விதிகள் ஆண்டுதோறும் கடுமையாகி, எல்லா நிறுவனங்களின் கார்களும் எடை கூடிக்கொண்டே போன கால் நூற்றாண்டுக்குப் பிறகும், ஜப்பானில் முதலில் விற்கப்பட்ட மிக எளிய என்டி வகையின் எடையை 990 கிலோவில், அதாவது ஒரு டன்னுக்குக் கீழே நிறுத்திக் காட்டிய பொறியாளர்களின் பிடிவாதத்தைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

ஓட்டுவதில் கிடைக்கும் இன்பத்துக்கு அந்த எடைக் குறைவே வேர். கியர்பெட்டியையும் பின்சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டம் இறுகப் பிணைக்கிறது. அதனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்திலேயே, இடையில் தொய்வோ துள்ளலோ இல்லாமல் விசை சக்கரத்தை அடைகிறது. கியர் மாற்றும் தண்டு, மணிக்கட்டின் சிறு அசைவில் ஒரு பள்ளத்திலிருந்து அடுத்த பள்ளத்தில் கிளிக் என்று விழுகிறது. தேவையில்லாத இடத்திலும் கியரை மாற்றிப் பார்க்கும் ஆசை இதனால் பெரும்பாலோருக்கு வருகிறது. இதைவிட இரண்டு மடங்கு விசையுள்ள கார்களில், சாலைவிதிகளுக்குள் நின்று அந்த விசையில் பாதியைக்கூடப் பயன்படுத்த முடிவதில்லை. இதிலோ நாட்டுப்புறச் சாலையில் சட்டம் அனுமதிக்கும் வேகத்திலேயே காரின் முழுத் திறனையும் வெளிக்கொணர முடிகிறது. நேர்ச்சாலையில் குடும்பக் கார்கள் முந்திச் செல்வதைப் பொறுத்துக்கொள்ளாதவர் மட்டும் இதை வாங்க வேண்டியதில்லை.

கூரையும் அதே எளிமையைச் சேர்ந்தது. என்டி வகையில் முன்கண்ணாடிக்கு மேலே நடுவில் உள்ள ஒற்றைக் கொக்கியை விடுவித்து, இருக்கையில் அமர்ந்தபடியே ஒரு கையால் துணிக் கூரையைப் பின்னால் தள்ளி அழுத்தினால், அது மடிந்து தன் இடத்தில் படிந்துவிடுகிறது. சிக்னலில் சிவப்பு விளக்கு எரியும் நேரமே அதற்குப் போதும். மின்மோட்டாரும் பொத்தானும் வைத்து இதே வேலையைச் செய்யும் விலையுயர்ந்த கார்கள் இதை முடிக்க இன்னும் நேரம் எடுத்துக்கொள்கின்றன. என்ஏ வகையில் பின்சன்னல் நெகிழித் தாளால் ஆனதாகையால், கூரையை மடக்கும் முன் அதன் ஜிப்பை அவிழ்த்துத் தாளைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும். குளிர்காலத்தில் அவசரப்பட்டு அப்படியே மடக்கினால் தாள் வெடித்துவிடும். பழைய காரைப் பார்க்கப் போகிறவர், பின்சன்னல் மஞ்சளாகவோ விரிசலோடோ இருந்தால், முந்தைய உரிமையாளரின் பொறுமை எவ்வளவு என்பதை அங்கேயே அளந்துகொள்ளலாம்.

இவ்வளவு இன்பம் தரும் அதே கூரைதான் காரின் ஆயுளையும் குறைக்கிறது. மூடிய துணிக் கூரையின் மீது விழும் மழைநீர் சரிந்து, துணியும் உடலும் சேரும் பின்விளிம்பில் உள்ள நெகிழிக் கால்வாயில் இறங்குகிறது; அங்கிருந்து இருபுறமும், இருக்கைகளுக்குப் பின்னால், சீட் பெல்ட் பொருத்தப்பட்ட தூண்களை ஒட்டிய வடிகால் துளைகளின் வழியே குழாய்களில் இறங்கி, பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் காரின் அடியில் வெளியேற வேண்டும் என்பது ஏற்பாடு. மரத்தடியில் நிறுத்தப்படும் காரில் இலைத்தூளும், மகரந்தமும், துணியிலிருந்து உதிரும் நூலும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிடுகின்றன. வேப்பிலை அடைத்த குழாயால் மொட்டைமாடியில் தேங்கும் மழைநீர், சுவருக்குள் இறங்கிப் பூச்சை உப்பவைப்பதைப் போன்றதே இங்கும் நடப்பது. நீர் ஒரு பக்கம் உள்ளே வழிந்து இருக்கைகளுக்குப் பின்னுள்ள தரைவிரிப்பை நனைக்கிறது. இன்னொரு பக்கம் கதவடி விட்டத்தினுள் புகுந்து வெளியேற வழியின்றித் தங்கிவிடுகிறது.

கதவடி விட்டம் என்பது, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே கதவின் கீழாக ஓடும், தகட்டால் ஆன உள்ளீடற்ற பெட்டி; பட்டறைகளில் இதைச் சில் என்பார்கள். இன்றைய கார்களில் தனியான இரும்புச் சட்டம் கிடையாது. தகட்டு உடலே எல்லாச் சுமையையும் தாங்குகிறது. சாதாரணக் காரில் அந்தச் சுமையில் ஒரு பங்கைக் கூரையும் தூண்களும் ஏற்றுக்கொள்கின்றன. திறந்த காரில் கூரையே இல்லாததால், முன்பாதியும் பின்பாதியும் வளைந்து முறுகாமல் பிடித்துவைக்கும் பொறுப்பின் பெரும்பகுதி கதவடி விட்டங்களின் மீது விழுகிறது. ஆகவே ஒரு பழைய குடும்பக் காரில் கதவடியில் துரு இருப்பதும், ரோட்ஸ்டரில் அதே இடத்தில் துரு இருப்பதும் சமமான குறைகள் ஆகமாட்டா. துருவும் உள்ளிருந்தே தொடங்குகிறது. பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரியும் நாளில் உள்தகடு ஏற்கெனவே சல்லடையாகியிருக்கும்.

பிரிட்டனின் குளிர்காலம் இந்தக் குறையை இரட்டிப்பாக்குகிறது. பனி உறையாமலிருக்கச் சாலைகளில் தூவப்படும் உப்பு, சக்கரங்கள் வாரியடிக்கும் நீரோடு அடித்தகட்டில் படிந்து, வெளியிலிருந்தும் அரிக்கிறது. உள்ளே தேங்கிய மழைநீர், வெளியே உப்புநீர் என்ற இரண்டுக்கும் நடுவில் மெல்லிய தகடு எத்தனை ஆண்டுகள் தாங்கும் என்பது, அந்தக் கார் எங்கே நிறுத்தப்பட்டது, அதன் வடிகால்களை யாராவது துடைத்தார்களா என்பவற்றைப் பொறுத்தது. வடிகாலை ஆண்டுக்கு இருமுறை சுத்தம் செய்வது ஐந்து நிமிட வேலை. ஆனால் பழைய காரை விற்பவர்கள் எண்ணெய் மாற்றிய ரசீதுகளை அடுக்கி வைத்திருப்பார்களே தவிர, வடிகாலைப் பற்றிக் கேட்டால் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் விழிப்பார்கள்.

இந்த இடத்தில் மாஸ்டா மீது எழும் எரிச்சலையும் பதிவு செய்தாக வேண்டும். என்பி வகையில், மோதலின்போது முன்பகுதி உறுதியாக நிற்பதற்காக, என்ஜினுக்கு இருபுறமும் ஓடும் முன்புறச் சேசிஸ் விட்டங்களில் கூடுதலாக ஒரு தகட்டு அடுக்கு சேர்க்கப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் அடுக்குகளுக்கு இடையே புகும் சேறும் உப்புநீரும் தாராளமாக வெளியேற வழி விடப்படவில்லை. விளைவாக, வெளியே பார்க்க நேர்த்தியாக இருக்கும் விட்டம் உள்ளுக்குள் இற்றுப்போய், முன் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டத்தின் அருகிலேயே ஓட்டை விழுகிறது. கதவடியை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வது பழகிய பட்டறைக்குச் சாதாரண வேலை. முன்விட்டத்தைச் சீராக்குவதோ பல பாகங்களைக் கழற்றி, நேர்கோடு பிசகாமல் செய்ய வேண்டிய, செலவு மிகுந்த வேலை. ஒரு குண்டூசிக்கும் எடை பார்த்துப் பார்த்துச் செய்த பொறியாளர்கள், நீர் வடியும் ஒரு துளைக்கு ஏன் இடம் காணவில்லை என்ற கேள்விக்குச் சமாதானம் சொல்வது கடினம்.

வாங்குபவருக்குப் பிரிட்டனில் ஒரு வசதி உண்டு. மூன்றாண்டு கடந்த ஒவ்வொரு காரும் எம்ஓடி எனப்படும் ஆண்டுத் தகுதிச் சோதனைக்கு உட்பட வேண்டும். அதன் முடிவுகளை, பதிவெண்ணை மட்டும் தந்து அரசு இணையதளத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். சீட் பெல்ட், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் போன்றவை பொருத்தப்பட்ட இடங்களிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் உடல் தகடு பலமிழக்கும் அளவுக்குத் துருவேறியிருந்தால் கார் தேர்ச்சி பெறாது. ஆனால் தேர்ச்சி, தோல்வி என்ற முடிவைவிட, இடையில் எழுதப்படும் அறிவுரைக் குறிப்புகளே அதிகம் பேசுகின்றன. ஓராண்டில் கதவடியில் துரு தொடங்கியிருப்பதாக எழுதப்பட்டு, மறு ஆண்டு அந்தக் குறிப்பே காணாமல் போய், வெல்டிங் செய்த ரசீதும் இல்லையென்றால், இடையில் கருப்பு அண்டர்கோட்டிங் அடித்து மூடியிருக்க வாய்ப்பு மிகுதி. சோதனை செய்பவர் மூடிகளையும் விரிப்புகளையும் கழற்றிப் பார்க்க விதிகளில் இடமில்லை. ஆகவே நெகிழிப் பக்கப்பட்டைகள் பொருத்திய கார்களில், தேர்ச்சிச் சான்றை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பது பேதைமை.

நேரில் பார்க்கும்போது செய்ய வேண்டியவை எளியவை. முன்புறத்தின் பளபளப்பில் மயங்கக் கூடாது: நான்கு தலைமுறைகளிலும் பானெட் அலுமினியத்தால் ஆனது, அது துருப்பிடிக்காது என்பதால் உடலின் நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. முதலில் இருக்கைகளுக்குப் பின்னுள்ள விரிப்பைத் தூக்கி, அடியில் உள்ளங்கையை வைத்துப் பார்க்க வேண்டும். ஈரமோ புழுக்க நாற்றமோ இருந்தால் பேரத்தின் திசை அங்கேயே மாறிவிடும். அடுத்து, கூரையைப் பாதி தூக்கிவிட்டு, வடிகால் துளையில் ஒரு பாட்டில் தண்ணீரை நிதானமாக ஊற்ற வேண்டும். ஊற்றிய சில நொடிகளில் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் நீர் தாரையாக விழுந்தால் நல்லது. சொட்டுச் சொட்டாக வந்தால் அடைப்பு. மேலே தேங்கி நின்று கீழே எதுவுமே வராவிட்டால், அந்த நீர் எங்கே போகிறது என்று விற்பவரையே கேட்கலாம். பிறகு கதவடியை முன்னிருந்து பின்னாக விரல்முட்டியால் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். பின்சக்கரத்தை நெருங்கும்போது ஒலி மங்கி மொத்தென்று கேட்டால், அங்கே பட்டி வைத்துப் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். சிறு காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி ஒட்டிப் பார்த்தால் ஐயம் தீரும், பட்டியில் காந்தம் பிடிக்காது. கடைசியாக, ஜாக்கி வைக்கும் இடங்களில் தகட்டு மடிப்பு நசுங்கிச் சுருண்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பது நலம்.

ஜப்பானிலிருந்து பழைய காராகவே இறக்குமதியான, அங்கே யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்ட என்ஏ கார்களும் பிரிட்டனில் நிறைய உண்டு. உப்புத் தூவாத ஊர்களில் ஓடியிருந்தால் அவற்றின் அடிப்பகுதி புதுக்கார் போலவே இருக்கும். ஆனால் வந்திறங்கியதும் மெழுகோ பாதுகாப்புப் பூச்சோ தராமல் விட்டால், ஜப்பானில் காத்த உடலைப் பிரிட்டனின் சில குளிர்காலங்களே தின்றுவிடும். இறக்குமதி ஆண்டையும் பூச்சு அடித்த ஆண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பது இங்கே அவசியம்.

துருவுக்கு அடுத்தபடியாகச் சொல்லத்தக்க குறைகள் எல்லாம் சில்லறைத் தொல்லைகளே என்றாலும், அன்றாடம் பழகும்போது அவை உறுத்தத்தான் செய்கின்றன. என்டி வகையில், மற்ற கார்களில் பயணியின் முழங்காலுக்கு முன்னால் இருக்கும் சிறு பெட்டி கிடையாது. பணப்பையையும் ஆவணங்களையும் இரு இருக்கைகளுக்கும் நடுவில் முதுகுப்பக்கம் உள்ள பெட்டியில் திரும்பி வளைந்து வைக்க வேண்டும். கோப்பை வைக்கும் வளையங்கள் கழற்றி மாட்டும் வகையைச் சேர்ந்தவை; எங்கே மாட்டினாலும் முழங்கையையோ முழங்காலையோ இடிக்கும். ஸ்டீயரிங்கை ஓட்டுநரை நோக்கி இழுக்கும் வசதி 2019 மாதிரி வரை தரப்படாததால், நெட்டையானவர்கள் காலுக்கு இடம் பார்த்தால் கைக்கு எட்டாமலும், கைக்கு எட்டும்படி அமர்ந்தால் கால் மடங்கியும் ஓட்ட நேர்ந்தது. டிக்கியின் கொள்ளளவு ஏறத்தாழ 130 லிட்டர்தான். இரண்டு பேரின் வார இறுதிப் பயணத்துக்கு மென்மையான பைகள் போதும், கடினமான பெட்டி ஒன்று நுழைந்தால் மற்றொன்றுக்கு இடமில்லை. எடையைக் குறைக்கும் நோன்பில் இவையெல்லாம் பலியானவை என்று சமாதானம் கொள்ளலாம். கோப்பை வளையத்துக்கு மட்டும் எந்தச் சமாதானமும் பொருந்தாது.

என்ஜின் பற்றிப் பேசவே அதிகம் இல்லை என்பதே அதற்குரிய பாராட்டு. என்ஏ, என்பி வகைகளில் வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டைக் குறித்த காலத்தில் மாற்ற வேண்டும். அது அறுந்தாலும் பிஸ்டனும் வால்வும் பொதுவாக மோதிக்கொள்ளாத அமைப்பு என்பதால் என்ஜின் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். பின்வந்த இரு தலைமுறைகளில் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. எண்ணெயை ஒழுங்காக மாற்றிய கார், ஒரு லட்சம் மைல் ஓடியது என்பதற்காகத் தயங்க வேண்டியதில்லை. வேண்டுமானால் வேறொரு பழைய காரின் என்ஜினையே வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். உடலை அப்படி மாற்ற முடியாது. குறைவாக ஓடி, தோட்டத்து மரத்தடியில் ஆண்டுக்கணக்கில் நின்ற காருக்கு அதிக விலை கேட்பதும், நிறைய ஓடி, கூரையுள்ள கொட்டகையில் நின்ற காரைக் குறைத்து மதிப்பதும் சந்தையின் வழக்கம். ரோட்ஸ்டர் வாங்குபவர் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும்.

துணிக்குப் பதிலாகக் கடினக் கூரை இருந்தால் சிக்கல் தீராதா என்ற கேள்வி எழும். 2006 முதல் என்சி வகையில் மின்விசையால் மடங்கும் கடினக் கூரையும், 2016-இல் அறிமுகமான ஆர்எஃப் எனும் என்டி வகையில் சாய்ந்திறங்கும் அழகிய பின்தூண்களோடு கூடிய கூரையும் வந்தன. அவை இரைச்சலைக் குறைக்கின்றன, திருட்டுக்கும் சற்று அரண்; ஆனால் மடங்கும் எந்தக் கூரைக்கும் இணைப்புகள் உண்டு, இணைப்பு உள்ள இடத்தில் நீரை வாங்கி வெளியேற்றும் வழி தேவை, அந்த வழியைத் துடைக்கும் கடமையும் கூடவே வரும்.

ஆக, தேர்வு இப்படி அமைகிறது. பணம் இடம் கொடுத்தால் 2019-க்குப் பிந்தைய என்டி வகையை வாங்கி, முதல் குளிர்காலத்துக்கு முன்பே அடிப்பகுதிக்கு மெழுகுப் பூச்சுத் தருவது சிறந்த வழி. நடுத்தர விலையில், கதவடியும் வடிகாலும் நல்ல நிலையிலுள்ள என்சி, அதன் பருத்த தோற்றத்துக்காக ஒதுக்கப்படுவதாலேயே நியாயமான விலையில் கிடைக்கும். என்ஏ இன்று சேகரிப்பாளர்களின் பொருளாகி விலை ஏறிவிட்டது. வெல்டிங் செய்த ரசீதும் படங்களும் காட்டப்படும் கார், இதுவரை கை வைக்கவே இல்லை என்று சொல்லப்படும் காரைவிட நம்பத்தக்கது. நான்கினுள் மலிவானது பெரும்பாலும் என்பி. காரைத் தூக்கி நிறுத்தி முன்விட்டங்களைப் பார்க்க விற்பவர் சம்மதிக்காவிட்டால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை வடிகாலைத் துடைக்கும் பொறுமை தமக்கு இல்லை என்று அறிந்தவர், இதே பின்சக்கர விசையும் இதே விளையாட்டுத்தனமும் கொண்டு, நிலையான கூரையோடு 2012-இல் வந்த டொயோட்டா ஜிடி86 போன்ற கூபே ஒன்றைத் தேடிப்போவது அவருக்கும் நல்லது, எங்கோ ஒரு எம்எக்ஸ்-5 காருக்கும் நல்லது.